வீட்டிலேயே தையல் தொழில்: வேலை ராத்திரிக்குள் வழிவதை எப்படி நிறுத்துவது?

நூல்கண்டு:

வணக்கம். விவரத்தை நேராகவே கொடுத்துவிடுகிறேன், பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

ஒரே ஆள் தையல். ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் மெஷின்). தனி அறை கிடையாது, ஹாலில் ஒரு மூலை. துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். வேலை நேரம் என்று வைத்திருப்பது காலை 9.30 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 3.30 வரை, வாரம் 6 நாள். நடப்பதென்னவோ ராத்திரி 11 வரை. வாரத்துக்குச் சுமார் 12 உருப்படி வருகிறது, கையில் இப்போது 26 நிற்கிறது. எல்லோருக்கும் 10 நாள் டெலிவரி சொல்வது வழக்கம். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர்.

கேட்க வந்தது மூன்று. நேரம் காலம் இல்லாமல் வரும் வாட்ஸப்பை எப்படிச் சமாளிப்பது? ஹால் மூலையில் வேலையையும் வீட்டையும் எப்படிப் பிரிப்பது? ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து ஹெம்மிங், பட்டன் வேலை பார்ப்பது சரியா, கூடாதா?

"விடியற்காலையில் எழுந்திருங்கள், பட்டியல் போடுங்கள்" வகைப் பதில் மட்டும் வேண்டாம். அதெல்லாம் ஆயிற்று.

கூட்டல்கழித்தல்:

மூன்று கேள்விக்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது தோழி. அதைப் போடாமல் போனை அணைத்தாலும் மூலையில் திரை கட்டினாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. இன்று ராத்திரி பார்க்கும் வேலை இன்று ராத்திரி வந்ததில்லை. பத்து நாளுக்கு முன்னால் டெலிவரி தேதி சொன்னீர்களே, அப்போதே வந்துவிட்டது.

முதலில் ஒரு உருப்படிக்கு உள்ளபடி எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். மெஷினில் உட்காரும் நேரத்தை மட்டும் எண்ணுவதுதான் இந்தத் தொழிலில் பொதுவாக நடக்கும் தப்பு. ஓரளவு வேலைப்பாடுள்ள உருப்படி என்று வைத்துக்கொண்டால்: அளவெடுத்து, மாடல் பேசி முடிக்க 15 நிமிடம். வெட்டு 25. தையலும் ஓவர்லாக்கும் 80. காஜா (பட்டன் துளை), பட்டன், ஹெம்மிங் 25. இஸ்திரி போட்டு மடித்துப் பையில் வைக்க 10. "ரெடியா?" என்று வரும் மெசேஜுகளுக்கு 10. மொத்தம் 165 நிமிடம். உங்கள் எண் இதற்குக் கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் அடுத்த 5 உருப்படிக்குப் போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு அளந்துவிடுங்கள். நினைவிலிருந்து சொன்னால் குறைத்துத்தான் சொல்வோம். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் இப்படிக் குறைத்து மதிப்பிடுவதைப் பற்றி டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அனுபவசாலிகளும் இதற்கு விலக்கில்லை.

அடுத்து, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? நாளுக்கு 5 மணி நேரம், 6 நாளுக்கு 30. அதில் நூல், லைனிங், ஜிப் வாங்கப் போவது 3 மணி. ஆல்டரேஷன் 3. கணக்கு எழுதுவது 1. மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவது 1. மிச்சம் 22 மணி நேரம்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 12 உருப்படி × 165 = 1,980 நிமிடம், அதாவது 33 மணி நேரம். இருப்பதோ 22. வாரத்துக்கு 11 மணி நேரம் துண்டு விழுகிறது, நாளுக்கு ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம். கரண்ட் போகாமல், நூல் அறாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருந்தாலே இவ்வளவு. ராத்திரி 11 எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, கையில் நிற்கும் 26. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி இதற்கு அப்படியே பொருந்தும்: நிற்கும் உருப்படியை வாரத்துக்கு முடியும் உருப்படியால் வகுத்தால் காத்திருப்புக் காலம் கிடைத்துவிடும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வாரம் 12 முடித்தாலும் 26 ÷ 12, கிட்டத்தட்ட 15 நாள். நீங்கள் சொல்வது 10. ஆக, சொல்லும்போதே அந்தத் தேதி 5 நாள் தவறிவிட்டது. மெசேஜ் குவிவதும் அதனால்தான். தேதி தவறிய ஒவ்வொருவரும் இரண்டு மூன்று முறை கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்வதில் தைக்கிற நேரம் போகும், இன்னும் தள்ளிப்போகும்.

22 மணி நேரத்தையும் முழுதாக நிரப்பக் கூடாது. வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய கணிதத்தில் ஒரு எளிய மாதிரி உண்டு. வேலை முன்பின் சொல்லாமல் வந்துசேரும் இடத்தில் ஆள் 80% நேரம் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை, ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரத்தைப்போல சராசரியாக 4 மடங்கு காத்திருக்கும். 90% என்றால் 9 மடங்கு. 95%-ல் 19. கடைசிப் பத்து சதவீதத்தை நிரப்பும் ஆசைதான் எல்லாத் தாமதத்துக்கும் தாய். 22-ல் 80% என்றால் 1,056 நிமிடம், 165-ஆல் வகுத்தால் 6.4. இப்போதிருக்கும் முறைப்படி உங்கள் வாரக் கொள்ளளவு 6 உருப்படிதான்.

6 என்றதும் பதற வேண்டாம், கூட்ட வழி இருக்கிறது. ஆனால் இந்த எண் தெரியாமல் மற்றதைத் தொடாதீர்கள்.

மூலைமேசை:

கணக்கை அவர் போட்டுட்டார். நான் இடத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

தனி அறை இல்லாத வீட்ல சுவருக்குப் பதிலா நேரத்தை வெச்சுத்தான் பிரிக்கணும். முதல் எதிரி சாப்பாட்டு மேசை. வெட்டு பாதியில இருக்கும்போது யாராவது சாப்பிட வந்தா துணியைச் சுருட்டணும், சாக் கோடு அழியும், நூலோட்டம் (துணி இழை ஓடுற திசை) நகரும், மறுபடி விரிக்க கால்மணி நேரம். அதனால வெட்டை வாரத்துல 2 நாளா அடக்குங்க, அதுவும் 9.30-லேர்ந்து 12-க்குள்ள. அந்த நேரத்துல மேசை வீட்டுக்குச் சொந்தம் இல்லை. 12-க்கு மேல வேலைக்குச் சொந்தம் இல்லை. ஒரே மூச்சில 4, 5 உருப்படி வெட்டி, ஒவ்வொண்ணையும் லைனிங், பட்டன், ஜிப், அளவுச் சீட்டோட ஒரு பையில கட்டி வெச்சுடணும். ஒண்ணுகூடக் குறையக் கூடாது. பட்டன் இல்லாம நிக்கிற ஒரே ஒரு உருப்படிதான் சாயங்காலம் கடைக்கு ஓட வைக்கும்.

மேசை உயரமும் பாருங்க. சாப்பாட்டு மேசை 75 செ.மீ. சுமாருக்குத்தான் இருக்கும், நின்னு வெட்டினா இடுப்பு போயிடும். நாலு காலுக்கும் கட்டை கொடுத்து 90 செ.மீ. கிட்ட ஏத்துங்க. கட்டை ஆடக் கூடாது, நடுவுல குழி இருந்தா கால் வழுக்காது.

தைக்கிற வரிசையை நூல் கலரை வெச்சுப் போடுங்க, தேதியை மட்டும் வெச்சுப் போடாதீங்க. கலர் மாத்தினா மேல்நூல், பாபின் ரெண்டும் மாறணும். ஓவர்லாக்ல 3, இல்லேன்னா 4 நூல் கோன் மாறணும். ஒவ்வொரு தடவையும் புதுசா கோக்காம, பழைய நூலைக் கோன்கிட்ட வெட்டிட்டு, புது நூலோட முடிச்சுப் போட்டு இழுத்துக்கலாம். லூப்பர்ல (ஓவர்லாக்குக்குக் கீழ்நூலைக் கொண்டுபோற கொக்கி) முடிச்சு தாண்டிடும், ஊசிக் காதுல தாண்டாது. ஊசிக்கு முன்னால வந்ததும் முடிச்சை வெட்டிட்டுக் கையால கோத்துடுங்க. இழுக்கும்போது டென்ஷனை (நூல் இறுக்கத்தை) தளர்த்தணும், இல்லேன்னா முடிச்சு அங்கேயே அறும்.

அப்புறம் மூடுற வேலை. 3.30-க்கு எழுந்திரிக்கணும்னா 3.10-க்கே தையலை நிறுத்தணும். முதல்ல இஸ்திரிப்பெட்டி ப்ளக்கைப் பிடுங்கி பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல. ஆற அரைமணிக்கு மேல ஆகும், அதனால அதுதான் முதல் வேலை, கடைசி வேலை இல்லை. அடுத்து குண்டூசி. எத்தனை ஊசியோட ஆரம்பிச்சீங்களோ அத்தனையும் குஷனுக்குத் திரும்பணும், எண்ணிப் பாருங்க. தரையில காந்தம் ஒட்டின குச்சியை ஒரு ஓட்டு. மெஷின் ஃபுட்டுக்கு (துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) அடியில ஒரு துண்டுத்துணி வெச்சு இறக்கி, மெயின் ஸ்விட்சை அணைச்சு, மேல உறை போடுங்க. உறை முக்கியம். மெஷின் கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் "ஒரே ஒரு சைடு அடிச்சுடலாமே"ன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கும்.

நடுக் கையில, நடுக் காலர்ல நிறுத்தாதீங்க. ஒரு பாகம் முடிஞ்ச இடத்துல நிறுத்தி, ஒரு சீட்டுல "அடுத்தது இடது கை ஏத்தணும், நாட்ச் ரெண்டு" அப்படின்னு எழுதித் துணியிலயே குத்திடுங்க. பாதியில விட்ட வேலை தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், சாப்பாட்டுத் தட்டு முன்னாலயும் ஓடும். விட்ட இடத்தை எழுதி வெச்சா அது பெருமளவு நிக்கும்.

மௌனமணி:

வாட்ஸப் விஷயம். வாட்ஸப் பிசினஸ் ஆப்பில் தனி எண் போட்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அது. சாதாரண வாட்ஸப்பும் பிசினஸும் இரண்டு எண்ணில் ஒரே போனில் ஓடும்.

பிசினஸ் டூல்ஸில் வேலை நேரத்தைப் பதிந்துவிட்டு, அவே மெசேஜை (நீங்கள் இல்லாதபோது தானாகப் போகும் பதில்) "வேலை நேரத்துக்கு வெளியே" என்று வையுங்கள். பலர் சறுக்கும் இடம் இங்கே உண்டு. போனில் இணையம் இருந்தால்தான் அவே மெசேஜ் போகும். ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டால் பதில் எதுவும் போகாது, வாடிக்கையாளர் ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்புவார். டேட்டா இருக்கட்டும், அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷனை மட்டும் அடக்குங்கள்.

"விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று எழுதாதீர்கள், அதுவே அடுத்த மெசேஜை வரவழைக்கும். இப்படி எழுதலாம்: "மெசேஜ் கிடைத்தது. பதில் நாளை காலை 9.30 முதல் 10-க்குள் வரும். டெலிவரி தேதி உங்கள் சீட்டில் உள்ளது. மாற்றம் இருந்தால் நாங்களே முன்கூட்டிச் சொல்வோம்." கடைசி வரியைக் காப்பாற்றினால் "ரெடியா?" கேள்விகள் தானாகக் குறையும்.

மெசேஜுக்கு நாளில் இரண்டு வேளை போதும், 9.30-க்கு ஒன்று, 3-க்கு ஒன்று. அடிக்கடி எழுதும் பதில்களைக் குவிக் ரிப்ளையில் சேமித்து வைத்தால் "/" தட்டினாலே வந்து நிற்கும். லேபிளில் "வெட்டு", "தையல்", "ட்ரையல்", "ரெடி" என்று நான்கு போதும். எட்டு பத்து போட்டால் அதைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும்.

ராத்திரி 10.30-க்கு முடித்த உடையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் உண்டு. கடை திறந்திருக்கிறது என்று ஊருக்கே சொல்வது அது. படத்தை எடுத்து வைத்து மறுநாள் காலையில் போடுங்கள்.

ஆண்ட்ராய்டில் டு நாட் டிஸ்டர்ப் போடுகிறவர்கள் "ரிப்பீட் காலர்ஸ்" என்பதைப் பாருங்கள். ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடித்துவிடும். அவசரக்காரர்கள் எல்லோரும் இரண்டு முறைதான் அழைப்பார்கள். அதை அணைத்துவிட்டு, பள்ளி, பெரியவர்கள் எண்களை மட்டும் ஸ்டார் செய்து அனுமதியுங்கள். வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தால் இத்தனையும் தேவையில்லை. தொழில் சிம்மை அதில் போட்டு, மெஷின் உறைக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம்.

இரட்டைத்தையல்:

கூட்டல்கழித்தல் சார் சொன்ன 80% கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். 4, 9, 19 என்பது ஆர்டர் எப்போது வரும் என்று தெரியாமல் வந்து விழும் நிலைக்கு. ஆர்டர் வருவதை ஒழுங்குபடுத்தினால் 85, 90 வரைகூடத் தாங்கும். அளவெடுக்க வாரத்தில் இரண்டே நாள், செவ்வாயும் வெள்ளியும், 2 முதல் 3 வரை 20 நிமிட அப்பாயிண்ட்மென்ட் மூன்று. வாரத்துக்கு 6 பேருக்கு மேல் உள்ளே வர முடியாது, ஒருவருக்கு ஒன்றிரண்டு உருப்படி. கதவே வடிகட்டிவிடும். கண்ட நேரத்தில் ஹாலுக்குள் ஆள் வருவதும் நிற்கும், வீட்டில் இருப்பவர்களுக்கு உண்மையான தொந்தரவு அதுதான்.

ராத்திரிக் கைவேலை பற்றி. செய்யலாம், ஆனால் கணக்கில் வராத வேலையாகச் செய்யக் கூடாது. 6 உருப்படிக்கு 25 நிமிடம் வீதம் வாரம் இரண்டரை மணி நேரம். அதை டிவி முன்னால் செய்வதென்றால் பகலில் அதே இரண்டரை மணி நேரத்தைச் சும்மா விட வேண்டும். அதற்கு மனசு வராது என்றால் ராத்திரியில் ஊசியைத் தொடாதீர்கள். அடர் நிறத் துணியில் மங்கின வெளிச்சத்தில் போட்ட ஹெம்மிங்கை காலையில் பிரிப்பதும் தனிச் செலவு.

என்னைக் கேட்டால் கைவேலையை வெளியே கொடுத்துவிடுவதுதான் மேல். காஜா, பட்டன், ஹெம்மிங் பிறர் செய்ய மிகச் சுலபமான பகுதி, அளவுத் தவறு வராது. 165-லிருந்து 25 போனால் 140. நூல் கலர்படி அடுக்குவதாலும், சேர்த்து வெட்டுவதாலும், மெசேஜ் குறைவதாலும் இன்னும் 20, 25 நிமிடம் மிச்சமாகும். 115 என்று கொண்டால் 1,056 ÷ 115 = 9. ஆறு உருப்படி ஒன்பதாகிறது, ராத்திரி வேலை இல்லாமலே.

ஒன்பதிலேயே நில்லுங்கள், பத்தாவதை வாங்காதீர்கள். பழைய 12-க்கான வரவை 9-ல் எடுக்கக் கூலியை 33% ஏற்ற வேண்டும். செலவாகும் நூலும் பட்டனும் குறையும், கைவேலைக்குக் கொடுக்கும் கூலி கூடும். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள். ஏற்றினால் சிலர் போய்விடுவார்கள்தான். வாரத்துக்கு மூன்று உருப்படி குறையத்தானே இவ்வளவும்?

அவசர ஆர்டர்: அந்த ஒன்பதுக்குள்ளேயே வாரத்துக்கு ஒரு இடம் ஒதுக்கி வையுங்கள், கூலி ஒன்றரை மடங்கு, முழுப் பணமும் முன்னால். புதன்கிழமைக்குள் யாரும் எடுக்கவில்லை என்றால் வரிசையில் அடுத்தவருக்கு. ஆல்டரேஷன் வாரத்தில் ஒரே நாள். தையலுக்கு நடுவே ஒன்று, நடுவே ஒன்று என்று பார்த்தால் 10 நிமிட வேலை நூல் மாற்றி, பிரித்து, மறுபடி மாற்றுவதில் 25 ஆகிறது.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. துண்டு விழும் அந்த 11 மணி நேரம் அப்படியே பொருந்துகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ஏற்கெனவே தேதி கொடுத்த 26-ஐ என்ன செய்வது? அப்புறம், பிள்ளைகள் 3 மணிக்கு வந்துவிடுகிறார்கள், கடைசி அரைமணி நேரம் எப்போதும் ரகளை.

மூலைமேசை:

ரெண்டாவதுக்கு நான் சொல்றேன். "இன்னும் கொஞ்ச நேரம்"னா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது. அந்த அரைமணில மெஷின் வேலையே வேண்டாம். 2.50-க்கே தையலை நிறுத்தி, மூடுற வேலையில இஸ்திரியும் ஊசியும் 3-க்குள்ள முடிச்சுடுங்க. அவங்க வந்தப்புறம் பையில போடுறது, சீட்டு எழுதுறது, 3 மணி மெசேஜ் மட்டும். பட்டனைக் கலர்படி டப்பாவுல பிரிக்கிற வேலையைக் கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா கொடுக்கலாம். வாயில போடுற வயசுன்னா வேண்டவே வேண்டாம். அளவெடுக்கிற நாள்ல கடைசி அப்பாயிண்ட்மென்ட் 2.40-க்கு முடிஞ்சுடணும், அதனால மூணு பேருக்குப் பதிலா ரெண்டே பேர் வெச்சுக்கோங்க. நாள் வேணும்னா மூணாக்கிக்கலாம்.

கூட்டல்கழித்தல்:

மூலைமேசை சொல்வதுபோல் 2.50-க்கு நிறுத்தினால் நாளுக்கு 40 நிமிடத் தையல் போகும். அதில் பாதியில் செய்யும் பையில் போடுவதும் மெசேஜும் உருப்படிக் கணக்கிலேயே இருக்கின்றன, ஆக உண்மையில் போவது நாளுக்கு 20 நிமிடம், வாரத்துக்கு 2 மணி நேரம். மூடும் வேலையை முதல் கணக்கில் நானும் சேர்க்கவில்லை. 22-ஐ 20 என்று திருத்தி, 80% எடுத்து, 115-ஆல் வகுத்தால் 8.3. ஆகவே ஒன்பது வேண்டாம், எட்டு. கூலி ஏற்றத்தையும் அதற்குத் தக்கபடி பாருங்கள், 12 ÷ 8 என்றால் 50% ஆகிவிடுகிறது. ஒரே அடியில் ஏற்றாமல், புது ஆர்டருக்கு இப்போது பாதி, மூன்று மாதம் கழித்து மீதி என்று போகலாம். அதுவரை வரவு குறையும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

26-க்கு வருவோம். புது ஆர்டர் வாங்குவதை 2 வாரம் நிறுத்துங்கள். நிறுத்தாமல் தேதியை மட்டும் தள்ளினால் வரிசை குறையவே குறையாது. 26 சீட்டையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். குறிப்பிட்ட நாளுக்கு உடுத்தியே ஆக வேண்டியவை, தேதி சொன்னாலும் அவசரமில்லாதவை, இன்னும் வெட்டாதவை. முதல் குவியலுக்குச் சொன்ன தேதி மாறக் கூடாது. இரண்டாவதில் உள்ளவர்களுக்கு அவர்கள் கேட்பதற்கு முன்னால் மெசேஜ் போக வேண்டும், தேதி கடந்தபிறகு இல்லை: "உங்கள் உருப்படி 24-ஆம் தேதி தருவதாக இருந்தது, 31-ஆம் தேதி தயாராகும். அந்தத் தேதி ஒத்துவராது என்றால் நாளைக்குள் சொல்லுங்கள்." காரணம் எதுவும் எழுத வேண்டாம், காரணம் எழுதினால் பேச்சு வளரும். தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம், அதனால் 31 என்று எழுதும்போது உங்கள் மனதில் 28 இருக்கட்டும். மூன்றாவது குவியலில், வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொள்ள விருப்பமா என்று கேட்டு, அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலைந்து பேர் வாங்கிக்கொண்டால்கூட அரை வாரத்துக்கு மேல் மிச்சம்.

கைவேலையை இந்த 26-லிருந்தே வெளியே கொடுக்கத் தொடங்குங்கள். முதல் தடவை இரண்டே உருப்படி கொடுத்து, காஜா நீளமும் பட்டனுக்குப் பட்டன் இடைவெளியும் சரியாக வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்பலாம்.